புதுப்பிப்பு: பிரப்பன்வலசைக் கடலும் மகளின் கையில் பட்ட சொறிமீனும்

ராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணைப் பக்கம் உள்ள பிரப்பன்வலசையில் கயாக் ஓட்டவும் ஸ்நார்கெலிங் செய்யவும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன், போய் வந்துவிட்டோம்.

காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன யோசனைதான் பெரிதும் உதவியது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளித்தாலும் பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும்.

இரண்டாம் நாள் மகளின் முன்கையில் சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டு, சாட்டையால் அடித்தது போலச் சிவந்த கோடுகள் தடித்து எழுந்தன. நான் குடிநீர்ப் பாட்டிலைத் திறக்க, படகுக்கார அண்ணன் தடுத்துக் கடல்நீரையே ஊற்றச் சொன்னார். நன்னீர் பட்டால் தோலில் ஒட்டிய கொட்டும் செல்கள் மேலும் வெடித்து நஞ்சை இறக்கக்கூடும் என்பதால், தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுத்து, என் கையில் சூடு பார்த்தபின், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் அரை மணி நேரம் அவள் கையை வைத்திருந்தோம்; வலி அடங்கியது. மூச்சுத் திணறலோ முக வீக்கமோ தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பவளப்பாறை கிழித்த காயத்துக்கு இந்த வழி பொருந்தாது. அதை நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: பிள்ளைகளின் எடைக்கேற்றதைக் கேட்டு வாங்கி மாட்டிவிட்டு, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், முகவாய்க்கு மேல் ஏறினால் அது பெரிது.