பொருள்: பாங்காக் டேட்டா என்ட்ரி வேலை – தம்பியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் மாமா தன் தங்கை மகனுக்கு வந்த ஆஃபர் லெட்டரைக் குழுவில் போட்டு, பாங்காக்கில் நம்ம ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். நான் இருப்பது பர்மாவின் மோல்மீனில். பையனைக் கொண்டுபோகிற இடம் பாங்காக்கை விட எனக்குத்தான் பக்கமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

லெட்டரை இன்னொரு தடவை படியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் கம்பெனி செலவு. இன்டர்வியூவில் கேட்டது டைப்பிங் வேகமும் ஆங்கிலமும் மட்டும். முகவரியில் ஒரு தெருப்பெயர்கூட இல்லை. ஒர்க் பர்மிட் பற்றிப் பேச்சே காணோம், டூரிஸ்டாக வந்தால் போதுமாம். டூரிஸ்டாகத் தாய்லாந்துக்குள் சுலபமாகப் போகலாம்தான், ஆனால் அது ஊர் சுற்றிப் பார்க்க.

இப்படிப் போனவர்களை ஏற்றிய கார் பாங்காக்கிலிருந்து வடமேற்கே ஏழெட்டு மணி நேரம் ஓடி, தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் நிற்கும். அங்கே மோய் ஆறு. கோடையில் இறங்கி நடந்தே கடக்கலாம், எல்லை அவ்வளவுதான். அக்கரை பர்மாவின் மியாவாடி. ஆட்களை அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைக்கும் கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ எல்லாம் அந்தப் பக்கம்தான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பெண்ணின் போட்டோ போட்ட கணக்கைக் கையில் கொடுப்பார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் வாரக்கணக்கில் குழைந்து பேசி, கடைசியில் கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். டார்கெட் எட்டவில்லை என்றால் அடி, கரண்ட் ஷாக். வீட்டுக்குப் போகணும் என்றால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த கம்பெனிக்கு விற்றுவிடுவார்கள். பர்மாவில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது.

மோல்மீனிலிருந்து போய்க் கேட்க முடியாதா என்பீர்கள். அந்தப் பகுதி சோ சிட் து என்ற ஆயுதக்குழுத் தலைவரின் கரேன் படை கையில் இருக்கிறது. அமெரிக்காவே 2025 மே மாதம் அவர்மேல் தடை போட்டது. இங்கே போலீசில் எழுதிக்கொடுத்து ஒன்றும் நடக்காது. அதே வருஷம் பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பகுதிக்குக் கொடுத்துவந்த கரண்டை நிறுத்தியது, அவர்கள் ஜெனரேட்டர் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள், மார்ச்சில் இந்தியா 500க்கும் மேற்பட்டவர்களை விமானப்படை விமானத்தில் அழைத்துப்போனது. அக்டோபரில் பர்மா ராணுவம் கே.கே. பார்க்கில் நுழைந்தது. அதோடு தொழில் ஒழிந்தது என்று நான் நம்பவில்லை.

லெட்டர் அனுப்பியவர் நம்ம ஊர்ப் பையன், அங்கேயே வேலை பார்க்கிறான், அதனால் நம்பலாம் என்று மாமா எழுதியிருந்தார். எனக்கு உறுத்துவதே அதுதான். "உனக்குப் பதிலா ஆள் கொண்டு வா, விட்டுடறோம்" என்று உள்ளே மாட்டியவர்களிடம் சொல்வது அங்கே சகஜம். அப்படியிருந்தால் அவன்மேல் கோபப்படவும் மனசு வரவில்லை. அவனை வீடியோ காலில் கூப்பிட்டு, ஜன்னலுக்கு வெளியே காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அவன் வீட்டிலும் உடனே பேசுங்கள், பாங்காக், ரங்கூன் இரண்டு இந்தியத் தூதரகத்துக்கும் அவன் பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் எழுதுங்கள். பணம் கட்டி மீட்கிறேன் என்று யாரும் முதலில் கிளம்ப வேண்டாம். வாங்கிக்கொண்டு இன்னும் கேட்பார்கள்.

ஏஜென்ட் யாராவது நடுவில் இருந்தால், வெளிநாட்டு வேலை ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா என்று சென்னையில் இருக்கும் யாராவது இன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று மாமா எழுதவில்லை.