மழைக்காலத்தில் சக்கைக்கொட்டையை, அதாவது பலாக்கொட்டையைக் காப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் தென்மேற்கு மழையோடு சக்கை ஒரேயடியாகப் பழுத்து விழுது. சுளை குழைவாக இருக்கும் கூழஞ்சக்கை வீணாகாமல் இருக்க சக்கை வரட்டி என்ற இனிப்பு கிண்டிடலாம்: சுளையை வேகவைத்து அரைத்து, 1 கிலோ விழுதுக்கு 600 கிராம் வெல்லம் போட்டு, நெய் விட்டு, உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை சிறுதீயில் கிண்டணும். அவசரப்பட்டு இறக்கினால் ஈரம் நின்று பூசணம் பிடிச்சிடும்.

கொட்டைக்குத்தான் வழி தெரியணும். தீயலுக்கும் (வறுத்த தேங்காய் அரைத்த குழம்பு) அவியலுக்கும் இவ்வளவு ருசியானதைக் குப்பையில் கொட்ட மனசே வரல. கழுவி, நிழலில் உலர்த்தி மணலில் புதைத்தால், மணல் ஈரமாக இருந்தால் முளைக்குது. காய்ந்திருந்தால் சுருங்கிக் கல்லாகுது. செம்மண் பூசி வைக்கிறவங்க எவ்வளவு கனமாகப் பூசுறீங்க? வெயிலில்லாத நாளில் அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் காயுமா? பாறசாலை, நெய்யாற்றின்கரை அக்காமாரே, தெரிஞ்சதைச் சொல்லுங்க.