நடவு மெட்டில் வந்த அறிவொளி

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, படிப்பை முடித்து வேலையின்றி இருந்த நான் எங்கள் ஊர் இரவு மையத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். இயக்கத்தின் கலைப்பயணக் குழுவினர் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் பாடிவிட்டுப் போன பாடல்களையே நாங்களும் பாடி வகுப்பைத் தொடங்கினோம். களையெடுத்து அலுத்து வந்த பெண்கள் மரியாதைக்காகக் கேட்டார்களே தவிர, உடன் பாடவில்லை.

ஆகவே முளைப்பாரிக் கும்மியின் மெட்டில், எழுத்தறிவைப் பற்றி நான்கு அடிகள் கட்டிக்கொண்டு போனேன். "மாரியாத்தா மெட்ட இதுக்கு எடுக்காதீக தம்பி, நடவுப் பாட்டு மெட்டுல கட்டுங்க" என்று ஒரு மூதாட்டி கடிந்துகொண்டார். மெட்டு யாரும் எடுத்தாளக்கூடிய பொதுச்சொத்து என்று எண்ணியிருந்த எனக்கு, ஒவ்வொரு மெட்டுக்கும் உரிய வேளையும் இடமும் உண்டு என்பது அன்றுதான் புரிந்தது. நடவு மெட்டை ஏற்றுக்கொண்ட அவர்கள், மூன்றாம் நாளே என் சொற்களை மாற்றிவிட்டார்கள். நான் 'கல்விச் செல்வம்' என்று எழுதிய இடத்தில், கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த ஒருத்தியின் கதை வந்து உட்கார்ந்தது. பாட்டு என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

பின்னர் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கும் பணி தொடங்கியபோது, இயக்கத் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டமெங்கும் பரவியது. அதைக் கேட்ட உற்சாகத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் நடவுப் பாட்டிலும் சைக்கிளை ஏற்றினார்கள். ஆண்களுக்கான சைக்கிளின் பாரில், அதாவது இருக்கைக்கு முன்னுள்ள குறுக்குக் கம்பியில், பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போகலாம் என்பதே அவர்கள் சேர்த்த அடி. அந்தச் சைக்கிளைச் சிலர் விரும்பியதற்குக் காரணமும் அந்தப் பார்தான்.

இதில் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. எங்கள் பாட்டுக்குத் தப்பு என்ற பறை அடித்த இளைஞர்கள் ஆதிதிராவிடர் தெருவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களோ தங்கள் தெருவிலேயே தனி மையத்தில் படித்தார்கள். ஒரே பாட்டு இரண்டு தெருக்களிலும் ஒலித்தது என்றாலும், இரு தெருப் பெண்களும் கைகோத்துக் கும்மியடித்ததை நான் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டுத் திருவிழாவில் முளைப்பாரிக்கு ஒலிபெருக்கிப் பாட்டுத்தான். என்னைக் கடிந்துகொண்ட மூதாட்டியின் மருமகளைப் பாடச் சொன்னேன். மாரியம்மன் கும்மியை அவர் தடையின்றிப் பாடினார். எங்கள் அறிவொளிப் பாட்டில், பாரில் பிள்ளை உட்கார்ந்த அடி ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது.