அலாய் வீல் கழுவ நான்கு பிரஷ் தேவையா, ஒரு பழைய டூத்பிரஷ் போதாதா?

நெல்லை_சாலை:
கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 16 அங்குல டைமண்ட் கட் அலாய். முன் வீல் இரண்டிலும் எவ்வளவு கழுவினாலும் போகாத பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பின் வீல்கள் அவ்வளவு மோசமில்லை. கடையில் ஒரு செட் காட்டினார்கள்: வீலின் முகப்புக்கு ஒன்று, உள் சுவருக்கு நீளமாக ஒன்று, நட் குழிக்குச் சின்னதாக ஒன்று, டயருக்கு முரட்டு பிரஷ் ஒன்று. வீட்டில் அப்பாவோ, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சோப்புத் தண்ணீரும் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மதுரை_பழையவண்டி:
அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. பதினேழு வருடமாக ஒரே கார் வைத்திருக்கிறேன். ஒரு பழைய டூத்பிரஷ், பச்சை நார், கிழிந்த பனியன், இவ்வளவுதான் என் செட். வீல் இன்றும் நன்றாகவே இருக்கிறது. நட்டுக்கு ஒரு பிரஷ், முகப்புக்கு ஒரு பிரஷ் என்று பிரித்து விற்பது கடைக்காரருக்குத்தான் லாபம். ரோட்டில் ஓடுகிற வீலைக் கண்ணாடி போல வைத்திருந்து என்ன செய்யப் போகிறோம்?

பட்டறை_கோவை:
அண்ணே, உங்கள் வண்டியில் இருப்பது இரும்பு ரிம்மா, அலாயா?

மதுரை_பழையவண்டி:
இரும்பு ரிம்தான். மேலே பிளாஸ்டிக் வீல் கப்.

பட்டறை_கோவை:
அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் ரிம்மில் கீறல் விழுந்தாலும் கப் மறைத்துவிடும். பெயின்ட் போனால் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி அடித்துக்கொள்ளலாம். தம்பியின் டைமண்ட் கட் அப்படியில்லை. அலாயின் முகப்பை லேத்தில் கடைந்து, பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகக் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்திருப்பார்கள். அந்தப் படலம் தாளைவிட மெல்லியது. கீறல் அதைத் தாண்டி உள்ளே போனால் ஈரமும் உப்பும் புகுந்து, படலத்துக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போலக் கோடுகள் கிளம்பும். அதைச் சரிசெய்ய மறுபடியும் லேத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் குறையும் என்பதால் அதையும் சில தடவைக்கு மேல் செய்ய முடியாது.

பச்சை நார் சாதாரண நார் இல்லை. உரசித் தேய்க்கவே அதில் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான துகளை ஒட்டியிருப்பார்கள். உப்புத்தாளில் இருப்பதும் அதே வகைப் பொருள்தான். அடிப்பிடித்த குக்கருக்கு அது சரி. கிளியர் கோட்டில் அதை வைக்காதீர்கள். கம்பி நார் இன்னும் மோசம். அதன் துணுக்குகள் இடுக்கில் தங்கித் துருப்பிடித்து, இல்லாத புள்ளியைப் புதிதாக உண்டாக்கும்.

ஈசிஆர்_பயணி:
பட்டறை அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். கீறுவது பெரும்பாலும் பிரஷ்ஷின் முடி இல்லை, அதில் மாட்டிக்கொண்ட மணல். எங்கள் பக்கம் கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் ஓட்டினாலே வீலில் மணலும் உப்பும் படிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்மையான பிரஷ்ஷாக இருந்தாலும், டயரைத் தேய்த்துவிட்டு அதையே முகப்பில் வைத்தால் கீறத்தான் செய்யும். எனவே நான்கு பிரஷ்ஷா, ஒன்றா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் பிரஷ்ஷை அலச வெறும் தண்ணீர். பாடிக்கு வைத்திருக்கும் வாளியை வீலுக்குப் பயன்படுத்தவே கூடாது.

நான் முகப்புக்கு வைத்திருப்பது பெயின்ட் கடையில் கிடைக்கும் பன்றிமுடி பிரஷ், இரண்டு அங்குலம். முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டையின் மேல் கரண்ட் டேப் இரண்டு சுற்று சுற்றிவிட்டேன், அது ரிம்மில் இடிக்காமல் இருக்க. ஒரு வருடமாக வேலை செய்கிறது.

பட்டறை_கோவை:
டேப் சுற்றியது நல்ல யோசனை. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட இடம் ஒன்று உண்டு, உள் சுவர். ஸ்போக் இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரியும் அந்த வளைந்த பகுதியில்தான் அழுக்கு அதிகம் சேரும். பெயின்ட் பிரஷ் அங்கே எட்டாது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் நடுவே முறுக்கிய கம்பி ஓடுகிறது. நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூடி கழன்றால் கம்பி நேராக ரிம்மைக் குத்தும். என்னிடம் வந்த அலாய்களில் உட்புறம் கோடு கோடாகக் கிழிந்ததைப் பார்த்து, எதை விட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டால் பல தடவை பதில் இதுதான்.

உள் சுவருக்கு நடுவே கம்பி இல்லாத, மைக்ரோஃபைபரோ செயற்கைக் கம்பளியோ சுற்றிய நீள பிரஷ் எடுங்கள். வாங்கும் முன் கேலிப்பருக்கும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) ரிம்முக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று விரலை விட்டுப் பாருங்கள், வண்டி ஓடி ஆறிய பிறகு. பல வண்டிகளில் அங்கே இரண்டு விரல்கூட நுழையாது. பருமனான பிரஷ்ஷை வாங்கிவந்து அது போகாமல் மூலையில் போட்டவர்கள் நிறைய.

மதுரை_பழையவண்டி:
சரி, பச்சை நார் அலாய்க்கு ஆகாது என்பதை ஏற்கிறேன். என் அனுபவம் இரும்பு ரிம்மோடு நின்றது, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள் சுவர் விஷயத்தில் விடமாட்டேன். கண்ணுக்கே தெரியாத இடத்துக்குத் தனியாக ஒரு பிரஷ் எதற்கு? ஆறு மாதத்துக்கு ஒருமுறை டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றிப் போடும்போது வீல் எப்படியும் கழலும். அப்போது உட்புறத்தைத் துணியாலேயே துடைத்துவிடலாமே.

சேலம்_ஓட்டுநர்:
ஐயா சொல்வது நியாயம்தான், நானும் அப்படித்தான் செய்கிறேன். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. உள் சுவரில் வீல் பேலன்சிங்குக்கு வெயிட் ஒட்டியிருப்பார்கள். பார்க்காமல் நீள பிரஷ்ஷை விட்டு வேகமாக இழுத்தாலும், பிரஷர் தண்ணீரை மிக அருகில் பிடித்தாலும் அது பெயர்ந்துவிடலாம். எனக்கு ஒருமுறை நடந்தது. வாட்டர் வாஷ் முடித்துப் பைபாஸில் ஏறினால் 80-க்கு மேல் ஸ்டீயரிங் உதறல். இரண்டு நாள் காரணம் புரியவில்லை. வீலைக் கழற்றிப் பார்த்தபோது வெயிட் இருந்த இடத்தில் பசை மட்டும்தான் இருந்தது.

ஈசிஆர்_பயணி:
ஆறு மாதம் உள்ளே உப்பு கிடந்தால் கடலோரத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சேலத்துக்குச் சரியாக இருப்பது மரக்காணத்துக்குச் சரிவராது. பிரஷ் வேண்டாமென்றால் வாரம் ஒருமுறை ஹோஸ் தண்ணீரையாவது உள்ளே அடியுங்கள்.

நெல்லை_சாலை:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் இன்னும் தீரவில்லை. அந்தப் பழுப்புப் புள்ளி எந்த பிரஷ்ஷுக்குப் போகும்?

பட்டறை_கோவை:
எதற்கும் போகாது தம்பி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லோரும் முரட்டு பிரஷ்ஷைத் தேடி ஓடி வீலைக் கெடுக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பேடிலிருந்தும் வார்ப்பிரும்பு டிஸ்க்கிலிருந்தும் நுண்ணிய இரும்புத் துகள் சூடாகப் பறந்து கிளியர் கோட்டில் பதிகிறது. பிறகு அங்கேயே துருப்பிடிக்கிறது. பிரேக்கின் பெரும்பங்கு வேலையை முன் வீல்களே செய்கின்றன. நம் ஊரின் பல சிறிய கார்களில் பின்னால் டிரம் பிரேக் என்பதால் அந்தத் தூள் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உங்கள் பின் வீல் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பதிந்த இரும்பைத் தேய்த்து எடுக்க முடியாது, கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அயர்ன் ரிமூவர் என்று விற்கிறார்கள். அடித்ததும் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகும். அதில் இருப்பது தையோகிளைக்கோலேட், பார்லரில் முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் அதே வகை. நாற்றம் அடிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சூடான வீலில் அடிக்காதீர்கள், காயவும் விடாதீர்கள். சில நிமிடத்தில் மென்மையான பிரஷ்ஷால் லேசாகக் கலக்கி நன்றாகக் கழுவிவிடுங்கள்.

பாத்ரூம் ஆசிட்டை மட்டும் யார் சொன்னாலும் தொடவேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தையே அரிக்கும், அதன் புகை டிஸ்க்கையும் நட்டையும் துருப்பிடிக்க வைக்கும்.

மதுரை_பழையவண்டி:
அப்படியானால் கணக்குப் பாருங்கள். மருந்தே வேலையைச் செய்கிறது என்றால் நான்கு பிரஷ் செட் எதற்கு? மருந்து ஒரு பாட்டில், பன்றிமுடி பிரஷ் ஒன்று, டயருக்குத் துணி துவைக்கும் பிரஷ், நட் குழிக்கு என் டூத்பிரஷ். நான் முதலில் சொன்னதிலிருந்து பச்சை நாரை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட இதுதானே?

பட்டறை_கோவை:
உள் சுவர் பிரஷ் ஒன்றைச் சேர்த்தால் எனக்குச் சம்மதம் அண்ணே. வீலை வாரம் தவறாமல் கழுவுகிறவருக்கு அந்த மருந்துகூட வருடத்தில் ஓரிரு முறைதான் தேவைப்படும்.

மதுரை_பழையவண்டி:
உள் சுவருக்கு வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன்.

நெல்லை_சாலை:
செட் வாங்கவில்லை. பன்றிமுடி பிரஷ்ஷும் கம்பளி சுற்றிய நீள பிரஷ்ஷும் தனித்தனியாக வாங்கினேன். விரலை விட்டுப் பார்த்தேன், ஒன்றரை விரல் இடைவெளிதான், அதனால் மெல்லியதாக எடுத்தேன். ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் இடது முன் வீலை மட்டும் முதலில் செய்து பார்க்கப் போகிறேன். இங்கே போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் வெள்ளைப் புள்ளி வருமே, என்ன செய்வது?

ஈசிஆர்_பயணி:
காயவே விடாதீர்கள். கடைசி அலசல் முடிந்த கையோடு துணியால் துடைத்துவிடுங்கள், வீலுக்கென்று ஒதுக்கிய துணியால். நட் குழியில் தேங்கும் தண்ணீரைத் துணி முனையைத் திரித்து உள்ளே விட்டு எடுங்கள். அப்புறம் வண்டியை உடனே ஷெட்டில் போடாமல் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து தடவை லேசாக பிரேக் பிடியுங்கள். டிஸ்க் ஈரம் அதிலேயே காய்ந்துவிடும்.