பெகு கடிதத்தில் உள்ள பூகம்பம் எது?

கேள்வி (கானாடுகாத்தான்): பர்மாவின் பெகுவில் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக (முதலாளிக்கு உதவியாளாக) இருந்த எங்கள் ஐயாவின் கடிதம் தகரப்பெட்டியில் கிடைத்தது. சித்திரையில் ராத்திரி பூமி ஆடியதாம், பெரிய பகோடா சரிந்ததாம், பேரேட்டோடு தெருவுக்கு ஓடினார்களாம். பெட்டகச் சாவியை மறந்ததற்கு முதலாளியிடம் மன்னிப்பு வேறு! வருஷம் அழிந்துவிட்டது.

பதில் 1: அண்ணே, அது 1930 மே 5. விழுந்தது ஷ்வேமாடோ பகோடா. பெகுவில் சுமார் 500 பேர் இறந்தார்கள், ரங்கூனிலும் சாவு உண்டு. அதே வருஷம் டிசம்பரில் பியூ என்ற ஊரில் இன்னொரு பூகம்பம்.

பதில் 2: எல்லாம் பர்மாவின் நிலத்தடிப் பாறையில் உள்ள சகாய்ங் பிளவின் வேலை. வடக்கு தெற்காக 1,200 கி.மீ. நீளம், இரு பக்கமும் ஆண்டுக்கு 2 செ.மீ. போல உரசி நகர்கின்றன. சிக்கிக்கொண்டால் இறுக்கம் சேர்ந்து ஒருநாள் சட்டென்று நழுவும், அதுதான் பூகம்பம். 1839-ல் ஆவாவில் ஒன்று, 2025 மார்ச் 28-ல் மண்டலேயில் ஒன்று, அதன் அளவு 7.7.

கேள்வி கேட்டவர்: சரி, டிசம்பர் கடிதம் இருக்கிறதா என்று பெட்டியைத் துழாவுகிறேன்.