மேல்மலையில் இருந்துகொண்டு போகிமான் கார்டு கேம், காசு போடாமல் தேறுமா?

பூண்டுக்காட்டான் கேட்டது:

வணக்கம் மக்களே. எனக்கு ஊர் பூம்பாறைப் பக்கம். அக்கா மகன் கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் என் போனில் போகிமான் டிசிஜி பாக்கெட் என்கிற கேமை (பேக் என்கிற கார்டுப் பொட்டலத்தை உடைத்துக் கார்டு சேர்த்து, அதை வைத்து ஆடுவது) ஏற்றிவிட்டு, "மாமா, தினமும் பேக் உடைச்சிரு, மறந்துராத" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்காகத்தான் திறந்தேன், இப்போது அவனைவிட எனக்குப் பித்து முற்றிவிட்டது. அந்தப் பேக்கின் மேல் ஓரத்தை விரலால் இழுத்துக் கிழிக்கிற இடம் இருக்கிறதே, அதற்காகவே காட்டுக்குப் போகும் முன் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை மாடிக்கு ஏறுகிறேன். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது, மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் வரும்.

இப்போது விஷயம். மழை பிடித்தால் இங்கே கரண்ட் போகும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். ஆன்லைன் மேட்சில் ஜெயிக்கிற நேரம் பார்த்து நெட் அறுந்துபோகிறது. இப்படிப்பட்ட ஊரில் இதை ஒழுங்காக ஆட முடியுமா? அப்புறம், மாதச் சந்தா கட்டினால் கூடுதலாக ஒரு பேக் என்கிறார்கள், கட்டலாமா? கையில் இருக்கிற கார்டுகள் எல்லாம் கலவையாக இருக்கின்றன, நெருப்பு கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம், மின்னல் கொஞ்சம். எதை வைத்து டெக் (மேட்சுக்கு எடுத்துப் போகிற கார்டுக் கட்டு) கட்டுவது என்றே புரியவில்லை. கேமில் தமிழ் கிடையாது, இங்கிலீஷைத் தட்டுத் தடுமாறிப் படிக்கிறேன், அதனால் மெதுவாகச் சொல்லுங்கள்.

பெருமாள்மலை பேரிக்காய்:

அண்ணே, நெட் இல்லாமல் இந்த கேமைத் திறக்கவே முடியாது, அதில் குறுக்கு வழி எதுவும் இல்லை. ஆனால் பேக் உடைக்கக் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்தால் போதும், அதற்கு உங்கள் தண்ணீர்த் தொட்டியே தாராளம். ஒரு பேக் வர 12 மணி நேரம், இரண்டு வரைதான் சேர்ந்து நிற்கும். ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் விட்டால் அதற்கு மேல் வரவேண்டியது வராமலே போய்விடும். மழைக்காலத்தில் காலையில் சிக்னல் இருக்கும்போதே உடைத்துவிடுங்கள், ராத்திரிக்கு என்று வைக்காதீர்கள்.

மேட்ச் விஷயத்தில், ஆளோடு ஆடுவதைக் குறைத்துக்கொண்டு சோலோ பக்கம் போங்கள். அங்கே எதிரில் இருப்பது கம்ப்யூட்டர், உங்களுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை. ஜெயித்தால் மணல் கடிகாரம் தருவார்கள், ஒன்று போட்டால் பேக் வர ஒரு மணி நேரம் குறையும். புதிதாக ஆடுகிறவர் அந்த சோலோ வரிசையை முடித்தாலே நிறையப் பேக் சேர்ந்துவிடும். ஆளோடு ஆடும்போது நெட் போனால் சில சமயம் திரும்ப உள்ளே விடும், ஆனால் அதுவரை உங்கள் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2025 மார்ச் கடைசியில் ரேங்க் மேட்ச் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், ஜெயித்துப் படிப்படியாக மேலே ஏறுகிற போட்டி. வானம் கறுத்திருக்கும்போது அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

இன்னொன்று, அக்கவுண்டை கூகுளோடோ நின்டெண்டோவோடோ இணைத்துவிட்டீர்களா? இல்லை என்றால் இதைப் படித்த கையோடு செய்யுங்கள். போன் தொட்டிக்குள் விழுந்தால் கார்டும் சேர்ந்து போய்விடும்.

குன்னூர் கூட்ஸ் வண்டி:

டெக் பற்றி நான் சொல்கிறேன். ஸ்கூலில் ட்ரம்ப் கார்டு ஆடியிருப்பீர்கள், யாரிடம் பெரிய நம்பரோ அவன் ஜெயித்தான். இது அப்படி இல்லை. பெரிய கார்டு கையில் இருந்தால் போதாது, அது வேண்டிய நேரத்தில் வரவேண்டும், எனர்ஜி (போகிமான் அடிக்கத் தேவைப்படும் சக்தி) ஏறவேண்டும். அதனால்தான் கலவை டெக் வேண்டாம் என்கிறேன்.

கடையில் வாங்கி மேஜையில் ஆடும் அசல் கார்டு கேமில் ஒரு டெக்குக்கு 60 கார்டு, எனர்ஜி கார்டையும் அதற்குள்ளேயே வைக்கவேண்டும். இங்கே 20 கார்டுதான், எனர்ஜி கார்டே கிடையாது. உங்கள் முறை வரும்போதெல்லாம் ஒரு எனர்ஜி தானாக வரும் (முதலில் ஆடுகிறவருக்கு முதல் முறை மட்டும் வராது). டெக்கில் ஒரே வகை எனர்ஜி வைத்திருந்தால் அதுதான் வரும். இரண்டு வகை வைத்தால் எது வரும் என்பது அதிர்ஷ்டம். மின்னல் வேண்டிய நேரத்தில் தண்ணீர் வந்து நிற்கும், கையைப் பிசையவேண்டியதுதான். ஆகவே ஒரே வகை.

உங்களுக்கு என் சிபாரிசு பிகாச்சு இஎக்ஸ் (இஎக்ஸ் என்றால் சாதாரணத்தைவிடப் பலம் கூடிய கார்டு). இரண்டே எனர்ஜி போதும், பெஞ்சில் (பின்னால் காத்திருக்கும் இடம்) இருக்கும் ஒவ்வொரு மின்னல் போகிமானுக்கும் எதிராளிக்கு 30 சேதம், பெஞ்சின் மூன்று இடமும் நிறைந்தால் 90. கூட ஜாப்டோஸ் இஎக்ஸ் இரண்டு, சின்ன மின்னல் போகிமான் சில. மீதி இடத்துக்கு இரண்டு கார்டு எடுக்கத் தரும் புரொஃபசர், அடிப்படைப் போகிமானைக் கொண்டுவரும் போகே பால், எதிராளி முன்னால் நிறுத்தியிருப்பதை உள்ளே தள்ளும் சப்ரினா, அடியில் 10 கூட்டும் ஜியோவானி. ஒரே பெயரில் இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. மூன்று பாயிண்ட் எடுத்தால் ஜெயம், சாதாரணப் போகிமான் விழுந்தால் ஒன்று, இஎக்ஸ் விழுந்தால் இரண்டு. அதனால் அடிபட்ட இஎக்ஸை முன்னாலேயே நிற்கவைத்து வேடிக்கை பார்க்காதீர்கள், பின்னால் இழுங்கள். பிகாச்சு டெக் சீக்கிரம் முடிகிற டெக், உங்கள் ஊர் சிக்னலுக்கு அதுவே பாதி மருந்து.

எதிரில் தண்ணீர் டெக் வந்தால் மட்டும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். மிஸ்டி என்று ஒரு கார்டு, பூ விழும்வரை காயினைச் சுண்டிக்கொண்டே இருக்கலாம், விழும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு தண்ணீர் எனர்ஜி. முதல் முறையிலேயே நாலு தலை விழுந்தால் மேட்ச் முடிந்த மாதிரிதான். நான் போட்டால் முதல் சுண்டலே பூ.

ரெண்டாம்_மைல்:

கூட்ஸ் வண்டி அண்ணன் சொன்ன டெக் நல்ல டெக்தான், மறுக்கவில்லை. ஆனால் அது 2024 அக்டோபர் 30 அன்று கேம் வெளியானபோது வந்த ஜெனிடிக் ஏபெக்ஸ் தொகுப்பின் சரக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ தொகுப்பு வந்துவிட்டது, இஎக்ஸைவிடப் பலமான மெகா இஎக்ஸ் எல்லாம் வந்தாயிற்று. ரேங்கில் மேலே ஏற ஆசைப்பட்டால் பிகாச்சு மூச்சு வாங்கும். சோலோவுக்கும் மருமகனோடு ஆடவும் போதும்.

என் கணக்கு வேறு. எந்தத் தொகுப்பைப் பிடிக்கிறீர்களோ அதிலேயே நில்லுங்கள், தினம் ஒன்றுக்குத் தாவாதீர்கள். ஒவ்வொரு பேக்குக்கும் 5 பேக் பாயிண்ட் சேரும், அதை வைத்து வேண்டிய கார்டை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். நாலு டைமண்ட் (கார்டு எவ்வளவு அரிது என்று காட்டும் குறி) இஎக்ஸ் கார்டுக்கு 500 பாயிண்ட், அதாவது 100 பேக். நாளுக்கு இரண்டு என்றால் 50 நாள். மலைப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதிர்ஷ்டமே இல்லாதவனுக்கும் 51ஆம் நாள் கார்டு கையில் இருக்கும். ஒரு தொகுப்பின் பாயிண்ட் இன்னொன்றில் செல்லாது, அதனால்தான் தாவவேண்டாம் என்கிறேன். ஜெனிடிக் ஏபெக்ஸிலேயே சாரிசார்ட், மியூடூ, பிகாச்சு என்று மூன்று பேக் உண்டு. பிகாச்சுவும் ஜாப்டோஸும் இரண்டுமே பிகாச்சு பேக்கில் வரும், மியூடூ பேக்கில் தேடி ஏமாறாதீர்கள்.

தாண்டிக்குடி காப்பி:

சந்தா பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலும் இரண்டு வாண்டுகள் இதை ஆடுகின்றன. வேண்டாம் தம்பி, கட்டாதீர்கள். முதலில் இரண்டு வாரம் இலவசம் என்று காட்டும், அது முடியும் முன் நீங்களாக ரத்து செய்யாவிட்டால் மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருக்கும். அதில் கிடைப்பது நாளுக்கு ஒரு பேக்கும் கொஞ்சம் அலங்காரமும். இன்னும் எந்த டெக் என்றே முடிவு செய்யாதவருக்கு அது எதற்கு?

அதைவிடக் கவனிக்கவேண்டியது போகே கோல்டு. அதைக் காசு கொடுத்து வாங்கி, அதை வைத்துக் காத்திருக்காமல் பேக் உடைக்கலாம். ஒரு பேக்கில் ஐந்து கார்டு, நல்லது வந்தால் பெரும்பாலும் நாலாவதிலும் ஐந்தாவதிலும்தான், முதல் மூன்றும் உதிரிச் சரக்கு. எந்தக் கார்டு எத்தனை சதவீதம் என்று கேமுக்குள்ளேயே போட்டிருக்கிறார்கள், பையனை உட்காரவைத்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் போனில் ப்ளே ஸ்டோருக்குப் போய், வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு அவன் பிறந்த தேதியாக இருக்கக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்ததே, அதில் இதுவும் போகுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இதில் பணம் கட்டி ஜெயித்துப் பணம் எடுக்கிற வேலை இல்லை, கார்டை விற்றுக் காசாக்கவும் கேமில் வழி இல்லை. ஆனால் காசு உள்ளே போவதற்கு மட்டும் வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது.

பூண்டுக்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. கூகுளோடு இணைத்துவிட்டேன், பாஸ்வேர்டும் போட்டாயிற்று (காப்பி அக்கா, பிறந்த தேதிதான் வைக்கப் போனேன்). பிகாச்சு பேக்கிலேயே நிற்கிறேன். பிகாச்சு இஎக்ஸ் ஒன்று இருக்கிறது, ஜாப்டோஸ் இஎக்ஸ் ஒன்றுகூட இல்லை. ஆனால் சாரிசார்ட் இஎக்ஸ் மூன்று கிடக்கிறது. மருமகன் ஹாஸ்டலில் அவன் நண்பன் போனில் தனி அக்கவுண்ட் வைத்திருக்கிறானாம், இப்போதுதான் ஒத்துக்கொண்டான். அவனிடம் ஜாப்டோஸ் இரண்டு இருக்கிறது. கார்டை மாற்றிக்கொள்ள முடியுமா?

ரெண்டாம்_மைல்:

முடியும். 2025 ஜனவரி கடைசியிலிருந்தே டிரேடு உண்டு. கேமுக்குள் இரண்டு பேரும் நண்பர்களாகச் சேர்ந்திருக்கவேண்டும், ஒரே தரத்துக் கார்டைத்தான் மாற்றலாம். நாலு டைமண்டுக்கு நாலு டைமண்ட், சாரிசார்டும் ஜாப்டோஸும் அப்படித்தான், பொருந்தும். இரண்டு பேருமே வரவேண்டிய வேலை, அவன் அனுப்பியதும் நீங்கள் பார்த்து ஒத்துக்கொள்ளவேண்டும், அதனால் சிக்னல் இருக்கிற நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். சாரிசார்டில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் கொடுங்கள். பையன் இரண்டு கேட்பான், கொடுக்காதீர்கள்.