சே குவேரா கையெழுத்து போட்ட லெட்டர், வாங்கலாமா?

பழைய_தபால்:
வணக்கம் மக்களே, இவ்ளோ நாள் ஸ்டாம்பு, ரூபா நோட்டுன்னு சேத்துட்டிருந்தேன், இப்ப லெட்டர் பக்கம் ஆசை வந்துடுச்சு. ஆன்லைன் ஏலத்துல சே லெட்டர் ஒண்ணு வருது. கியூபா நேஷனல் பேங்க் லெட்டர்ஹெட், டைப் அடிச்சது, தேதி 1960 ஜனவரி, கடைசில "பாத்ரியா ஓ முவெர்தே" (தாய்நாடு, இல்லேன்னா மரணம்) கோஷம், கீழ நீல இங்க்ல வெறும் "சே". சர்டிஃபிகேட்டும் தர்றாங்களாம். எங்கிட்ட இருக்கற 1960 கியூபா நோட்டோட வச்சுப் பாத்தேன், கையெழுத்து அச்சு அசலா அதேதான். தைரியமா இறங்கலாமா?

மைக்கூடு:
அச்சு அசலா அதேங்கறீங்களே, எனக்கு அங்கதான் இடிக்குது. எந்த மனுஷனும் ரெண்டு தடவ ஒரே மாதிரி போடமாட்டான். 1959 நவம்பர்ல பேங்க் தலைவரானதும் நோட்டுக்கும் "சே"ன்னே போட்டுக் குடுத்துட்டாரு, அது அப்படியே அச்சாச்சு, அத வச்சு ட்ரேஸ் எடுக்கறது ஈசி. க்ளோசப் போட்டோ கேளுங்க. வேகமா போட்டதுன்னா கோட்டோட முனை மெலிஞ்சு ஓடும், ட்ரேஸ்னா நடுங்கிட்டே வந்து மொட்டையா நிக்கும்.

செவ்வானம்:
லென்ஸே வேணாம் ப்ரோ. அந்த கோஷத்த பிடல் காஸ்ட்ரோ முதல்ல சொன்னதே 1960 மார்ச் 5ல, லா கூப்ர கப்பல் ஹவானா துறைமுகத்துல வெடிச்சு செத்தவங்களோட இறுதி ஊர்வலத்தப்போ. ஜனவரி லெட்டர்ல எப்படி வந்துச்சாம்? சே எழுதின விடைபெறும் கடிதத்துல அது இருக்கும், அதான் உலகத்துக்கே தெரிஞ்ச கடிதமாச்சே, அங்கேர்ந்து உருவி ஒட்டிருப்பான். லெட்டர்ஹெட் மட்டும் ஒழுங்கா பாத்துருக்கான், 1960ல சே பேங்க்லதான் இருந்தாரு, 1961 பிப்ரவரிலதான் தொழில் அமைச்சரா போனாரு.

மைக்கூடு:
சூப்பர் பிடி 😄 சர்டிஃபிகேட் விக்கிறவரே குடுத்ததுன்னா அது வெறும் பேப்பர். லெட்டர் யாருக்குப் போச்சு, யார் கை மாறி வந்துச்சுன்னு கேளுங்க.

பழைய_தபால்:
கேட்டேன், "ஹவானா குடும்பம் ஒண்ணு"ன்னு மட்டும் சொல்றாரு, யாருக்கு எழுதினதுன்னா பதிலே இல்ல. விட்டுட்டேன். சரி, கைக்கு எட்டற மாதிரி வேற யாரு இருக்கா?

செவ்வானம்:
இத்தாலிய ஒண்ணா சேக்கப் போராடின கரிபால்டி பாருங்க. 1860ல ஆயிரம் பேரோட சிசிலிக்குப் போனவரு, பின்னாடி காப்ரேரா தீவுல உக்காந்து கடிதமா எழுதித் தள்ளினாரு, அதனால மார்க்கெட்ல கெடைக்கும். ஆனா நெறைய செக்ரெட்டரி எழுதி இவரு கையெழுத்து மட்டும் போட்டது, முழுக்க அவர் கைன்னா விலை வேற. யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, பேப்பர் பளிச்சுன்னு நீலமா மின்னுச்சுன்னா தொடாதீங்க, அந்த வெளுப்பு கெமிக்கல் பேப்பர்ல வந்ததே 1950 வாக்குலதான், மனுஷன் 1882லயே போயிட்டாரு.